மோட்டார் என்ஜினின் வால்வுச் சுருள்வில்

பெரிய யந்திரங்களைக் கண்டு வியப்போர் பலர். அவற்றினுள்ளே கண்ணுக்குப் புலப்படாது அடங்கியிருந்து உழைக்கும் சிற்றுறுப்புகளை எண்ணிப் பார்ப்போர் சிலரே. தேர் எவ்வளவு பெரிதாயினும் அது ஓடுவதும் நிற்பதும் அச்சாணியைப் பொறுத்தனவே. அங்ஙனமே மோட்டார் வண்டியின் என்ஜினிலும், உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய ஒரு சுருள்வில் தன் கடமையில் தவறுமாயின், பெருவிலை பெற்ற அந்த என்ஜின் முழுவதும் ஒரு கணத்திற் பாழாய்விடக் கூடும். பட்டறைகளில் வால்வு ஸ்பிரிங் என வழங்கும் அவ்வுறுப்பின் இயல்பையும், அது தளர்ந்த காலத்து அதனை மாற்றும் முறையையும் எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

நான் பௌதிக சாஸ்திரம் கற்பிப்பவன். சுருள்வில்லின் விதியைப் பல்லாண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வந்தவன். ஆயினும் எனது வண்டியின் மூடிக்குள்ளேயே எட்டுச் சுருள்வில்கள் இருந்து உழைப்பதை நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அதை எனக்கு நினைவூட்டியது ஒரு கோடை விடுமுறைப் பிரயாணம். கண் வைத்தியத்தின் பொருட்டு எனது தாயாரை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் புறப்பட்டேன். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே என்ஜினில் 'டிக், டிக்' என்று மெல்லிய ஓசை ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது. பெட்ரோல் சரியில்லை போலும் என்று எனக்கு நானே சமாதானம் கூறிக்கொண்டு வாளாவிருந்துவிட்டேன். நாங்குநேரியைக் கடந்ததும் வண்டி குலுங்கத் தொடங்கிற்று. மேடு ஏறுகையில் இழுக்க மாட்டாமல் திணறிற்று. கார்புரேட்டரின் வழியாக வெடிச் சத்தமும் எழுந்தது. ஒருவாறு வள்ளியூர் வரையில் ஓட்டிச்சென்று, சாலையோரத்திலிருந்த ஒரு சிறு பட்டறையின் முன் நிறுத்தினேன்.

அப்பட்டறைக்காரர் வயது முதிர்ந்தவர். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்ஜினை ஓடவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளுக்குச் செல்லும் கம்பிகளை உறையிட்ட கையால் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதல், இரண்டாம், நான்காம் ஸிலிண்டர்களின் கம்பிகளைக் கழற்றியபோது என்ஜினின் ஓட்டம் தடுமாறிற்று. மூன்றாவதைக் கழற்றியபோது யாதொரு மாறுதலும் உண்டாகவில்லை. "வேலை செய்யாதவனை நிறுத்தினால் யாருக்கு நஷ்டம், ஐயா? குற்றவாளி இவன்தான்" என்று சிரித்தார். என்ஜினை நிறுத்தி மேல்மூடியைத் திறந்ததும், எட்டுச் சுருள்வில்களுள் ஒன்று இரண்டாக முறிந்து, ஒரு துண்டு மற்றொன்றினுள் திருகிக்கொண்டு குறுகி நின்றதைக் காட்டினார். "இன்னும் கொஞ்ச தூரம் விரட்டியிருந்தால் வால்வு உள்ளே விழுந்திருக்கும். அப்புறம் இந்த என்ஜினை நிறுத்து விற்கவேண்டியதுதான்" என்றார். பின்னிருக்கையில் தாயார் அமர்ந்திருந்தார். நான் ஒன்றும் பேசவில்லை.

வால்வின் தொழில்

பெட்ரோல் என்ஜினின் ஸிலிண்டருக்குள் நான்கு செயல்கள் முறையே நிகழ்கின்றன. பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவை உள்ளே இழுக்கப்படுகின்றது. மேலேறும்போது அது நெருக்கப்படுகின்றது. பின்னர் ஸ்பார்க் பிளக்கின் பொறியால் அது எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. இறுதியில் பிஸ்டன் மீண்டும் மேலேறி எரிந்த புகையை வெளியேற்றுகின்றது. இந்நான்கு செயல்களுக்கும் கிராங்க் தண்டு இருமுறை சுழல வேண்டும். 1876-ம் ஆண்டில் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ என்பவர் ஓட்டிக் காட்டிய முறை இதுவே.

கலவை நுழைவதற்கு ஒரு வாயிலும் புகை வெளியேறுவதற்கு ஒரு வாயிலும் உண்டு. அவ்வாயில்களின் கதவுகளே வால்வுகள். காளான் போன்ற தலையும் நீண்ட காம்பும் உடைய ஓர் எஃகுத் துண்டே வால்வு. நெருக்கும் காலத்தும் எரியும் காலத்தும் இரு கதவுகளும் இறுக மூடியிருத்தல் வேண்டும். சிறிதளவு இடைவெளி விடினும் அழுத்தம் கசிந்துவிடும். புகை வால்வாயின் அதன் விளிம்பு கருகியும் போம். இவ்வால்வின் தலை ஓட்டத்தில் எழுநூறு டிகிரி அளவுக்குச் சூடேறும். அச்சூட்டை அது இறக்கி வைப்பது மூடியிருக்கும் வேளையில் தன் ஆசனத்தின் மூலமாகவே. ஆகவே நன்றாக மூடாத வால்வு அழுத்தத்தை மாத்திரமன்றித் தன்னையும் இழந்துவிடுகின்றது.

இக்கதவைத் திறப்பது காம் தண்டு. அம்பாஸிடர் முதலிய பழைய வண்டிகளில் இத்தண்டு என்ஜினின் பக்கத்தே தாழ்வாக அமைந்திருக்கும். அதன் மேடு டாப்பெட்டையும், டாப்பெட் புஷ்ராடு எனும் நீண்ட கம்பியையும் மேலே உந்த, அக்கம்பி ராக்கர் எனும் நெம்புகோலின் ஒரு முனையை உயர்த்துகின்றது. ராக்கரின் மறுமுனை தாழ்ந்து வால்வின் காம்பை அழுத்தித் திறக்கின்றது. திறப்பவன் காம் தண்டாயின், மூடுபவன் யாவன்? அவனே நமது சுருள்வில். வால்வின் காம்பைச் சுற்றி அமைந்த அச்சுருள்வில்லின் அடிப்பக்கம் ஸிலிண்டரின் தலைப்பகுதியில் ஊன்றி நிற்கும். மேற்பக்கத்தில் ஒரு தொப்பித் தட்டு இருக்கும். அத்தட்டை வால்வின் காம்போடு பிணைப்பன லாக் என்னும் இரண்டு அரைவட்டத் துண்டுகள். ஒவ்வொன்றும் உடைத்த புளியங்கொட்டையின் பாதியளவே இருக்கும். வால்வு உள்ளே விழாதபடி அதைப் பிடித்திருப்பன இவ்விரு துண்டுகளும், அவற்றை இறுக்கி வைத்திருக்கும் சுருள்வில்லின் விசையுமே யாம்.

சுருள்வில்லின் உழைப்பு

இனி, இச்சுருள்வில்லின் உழைப்பை ஒருவாறு கணக்கிட்டுப் பார்ப்போம். நிமிஷத்துக்கு 2,400 சுற்றுச் சுழலும் என்ஜினில் காம் தண்டு அதில் பாதியாகிய 1,200 சுற்றுச் சுழலும். எனவே ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 20 முறையும் மணிக்கு 72,000 முறையும் திறந்து மூடுகின்றது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இங்ஙனம் ஓடும் வண்டி 60,000 கிலோமீட்டர் செல்வதற்கு 1,000 மணி ஆகும். அதற்குள் ஒரு சுருள்வில் ஏழு கோடியே இருபது லட்சம் தடவை நெருங்கி விரிந்திருக்கும். ஒருமுறை திறந்து மூடுவதற்கு அதற்குக் கிடைக்கும் காலம் விநாடியில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்குதான்.

என்ஜினின் வேகம் மிகும்போது சுருள்வில்லின் சுமை அதே விகிதத்தில் மிகுவதன்று. வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மிகுகின்றது. வேகம் இருமடங்காயின் வால்வைத் திருப்பிக் கொணரத் தேவையான விசை நான்கு மடங்காகும். ஓரளவுக்கு மேல் சுருள்வில்லால் ஈடுகொடுக்க இயலாது. டாப்பெட் காம் தண்டின் மேட்டை விட்டு அந்தரத்தில் மிதக்கத் தொடங்கும். வால்வு உரிய காலத்தில் மூடாது. மூடும்போதும் ஆசனத்தின்மேல் மோதித் துள்ளும். சில என்ஜின்களில் மேலெழும் பிஸ்டன் திறந்த வால்வைத் தாக்கி வளைத்துவிடவுங் கூடும்.

சுருள்வில்லுக்குரிய விதியை ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1676-ல் எழுத்துக்களை மாற்றியமைத்த ஒரு புதிராக அச்சிட்டு, 1678-ல் அதன் பொருளை வெளியிட்டார். நெருக்கம் எவ்வளவோ விசையும் அவ்வளவே என்பது அதன் கருத்து. உதாரணமாக, 50 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சுருள்வில்லை ஒரு மில்லிமீட்டர் நெருக்குதற்கு இரண்டரைக் கிலோகிராம் எடை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதனை என்ஜினில் 40 மில்லிமீட்டருக்கு நெருக்கிப் பொருத்தினால் வால்வை மூடி வைத்திருக்கும் விசை 25 கிலோகிராம். வால்வு மேலும் 9 மில்லிமீட்டர் திறக்கும்போது அது 47½ கிலோகிராம் ஆகும். உஷ்ணத்தாலும் உழைப்பாலும் அச்சுருள்வில் 2 மில்லிமீட்டர் மாத்திரம் குறுகிப்போயிற்றென்றால், மூடும் விசை 20 கிலோகிராமாகக் குறையும். கண்ணுக்குத் தோன்றாத 2 மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு பிடி போய்விட்டதென்பதை மாணவர்கள் கவனிப்பார்களாக.

ஒன்றா, எட்டா?

நிற்க. வள்ளியூர்ப் பட்டறையில் ஒரு வாக்குவாதம் எழுந்தது. முறிந்தது ஒன்றாயின் ஒன்றை மாற்றினாற் போதாதா என்பது எனது கட்சி. எட்டையும் மாற்ற வேண்டும் என்பது பெரியவரின் கட்சி. "அண்ணாச்சி, நன்றாயிருக்கும் ஏழையும் ஏன் தூக்கி எறியவேண்டும்?" என்றேன். வியாபாரத்தின் பொருட்டுக் கூறுகிறார் என்ற ஐயமும் என் உள்ளத்திலிருந்தது. அதை அவரும் அறிந்துகொண்டார் போலும். அவர் வருத்தப்படவில்லை. ஒரு பையனைப் பஸ்ஸில் நாகர்கோவிலுக்கு அனுப்பிப் புதிய சுருள்வில்களை வரவழைத்தார். இடையில் முறியாத ஏழனுள் ஒன்றைக் கழற்றி வைத்தார். பையன் திரும்பியதும், பழையதொன்றையும் புதியதொன்றையும் நேருக்கு நேராக வைத்து, இடையில் ஒரு தட்டையான வாஷரை இட்டு, தெறித்தோடாதபடி நடுவே ஒரு கம்பியைச் செருகி, பட்டறை வைஸில் பூட்டி மெல்ல நெருக்கினார். இரண்டும் ஒரே விசையைத் தாங்கி நின்றன. ஆயினும் பழையது புதியதினும் குறுகி நின்றது. "இப்போது சொல்லுங்கள், ஐயா" என்றார்.

சொல்லுதற்கு ஒன்றுமில்லை. ஹூக்கின் விதியைக் கருவி ஏதுமின்றி இத்துணைத் தெளிவாக விளக்கும் பரிசோதனையை நான் எனது வகுப்பில் ஒருநாளும் செய்துகாட்டியதில்லை.

அவர் கூறியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. உலோகம் ஒரே பளுவால் முறிவது ஒரு வகை. சிறு பளுவைக் கோடிமுறை தாங்கித் தாங்கி முறிவது மற்றொரு வகை. இப்பின்னதை உலோகக் களைப்பு என்பர். 1842-ம் ஆண்டு மே மாதம் 8-ம் தேதி பிரான்ஸ் தேசத்தில் வெர்ஸேல்ஸிலிருந்து பாரிஸுக்குச் சென்ற ரெயிலின் என்ஜின் அச்சு முறிந்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய முறிவுகளின் காரணத்தை ஆராய்ந்தோருள் தலைசிறந்தவர் ஆகஸ்ட் வோலர் என்னும் ஜெர்மானிய ரெயில்வே என்ஜினீயர். அவர் 1850-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் அச்சுகளை ஆயிரக்கணக்கான முறை மாறி மாறிப் பளுவேற்றிச் சோதித்து, எத்துணைப் பளுவுக்கு எத்தனை முறை தாங்கும் என்பதை நிலைநாட்டினார். எனது எட்டுச் சுருள்வில்களும் ஒரே நாளிற் பிறந்து, ஒரே வெப்பத்தில் வாழ்ந்து, ஒரே அளவு உழைத்தவை. ஒன்று களைத்து முறிந்ததாயின் மற்றவை அக்காலத்தை நெருங்கியவையே அன்றோ?

களைப்பு எப்பொழுதும் மேற்பரப்பிலுள்ள ஒரு சிறு வடுவிலேதான் பெரும்பாலும் தொடங்கும். துருப்பிடித்த ஒரு புள்ளியோ, இடுக்கியின் பல் பட்ட ஒரு கீறலோ போதும். ஆதலின் சுருள்வில்லை இடுக்கியாற் கடித்துப் பிடித்தலும், அரத்தால் அடையாளமிடுதலும் கூடாவாம். உற்பத்திச் சாலைகளில் குரோமியம், ஸிலிக்கன், வனேடியம் முதலியன கலந்த எஃகுக் கம்பியாற் செய்த சுருள்வில்லின்மேல் சிறு எஃகுமணிகளை வேகமாக வீசித் தாக்குவிக்கின்றனர். அதனால் மேற்பரப்பு உள்நோக்கி நெருக்குண்டு நிற்பதால் கீறல் வாய் திறப்பது அரிதாகின்றது. தளர்ந்த சுருள்வில்லை இழுத்து நீட்டியோ, அடியில் வாஷர்களை அடுக்கியோ சமாளிக்க நினைப்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாம்.

மாற்றும் முறை

ஸிலிண்டரின் தலைப்பகுதியைக் கழற்றி மேஜைமேல் வைத்துச் செய்வது ஒரு முறை. வால்வையும் ஆசனத்தையும் தீட்ட வேண்டுமாயின் அதுவே தக்கது. சுருள்வில் மாத்திரம் மாற்ற வேண்டுமாயின் தலையைக் கழற்றாமலே முடித்துவிடலாம். ஆனால் சுருள்வில்லைக் கழற்றியதும் வால்வைத் தாங்குவார் எவருமிலர். அது ஸிலிண்டருக்குள் விழுந்துவிடும். அதைக் கீழிருந்து தாங்கும் உபாயமே இம்முறையின் உயிர்நிலை. அதற்குக் கயிறும் உதவும், காற்றும் உதவும்.

முதலில் என்ஜின் நன்றாக ஆறியிருத்தல் வேண்டும். பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். பிளக்குகளைச் சுற்றியுள்ள தூசியை ஊதி அகற்றிய பின்னரே அவற்றைக் கழற்றுக. அன்றேல் அத்தூசி ஸிலிண்டரினுள் விழும். மேல்மூடியைத் திறந்து, ராக்கர் தண்டின் மரைகளை ஒரே மூச்சிற் கழற்றாமல் ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்தி எடுக்க வேண்டும். சில என்ஜின்களில் ராக்கர் தண்டைத் தாங்கும் மரைகளே தலைப்பகுதியையும் பிடித்திருப்பதுண்டு. அத்தகையவற்றில் அவற்றை மட்டும் தளர்த்தினால் தலை கோணிப்போகும். ஆகையால் வண்டியின் கைந்நூலைப் பார்த்து உறுதி செய்துகொண்டே கைவைத்தல் நலம். புஷ்ராடுகளை எடுத்ததும் அட்டையொன்றில் எட்டுத் துளையிட்டு எண்ணெழுதி வரிசைப்படி செருகி வைக்க வேண்டும். எண்ணெய் வடியும் துளைகளையும் புஷ்ராட்டின் துளைகளையும் சுத்தமான துணியால் அடைப்பது மிக முக்கியம். லாக் துண்டு ஒன்று அவ்வழியே விழுந்துவிட்டால் அரைமணி வேலை இரண்டு நாள் வேலையாகிவிடும்.

இனிக் கயிற்று முறை. ராக்கர் தண்டு எடுக்கப்பட்டமையின் எல்லா வால்வுகளும் மூடியே இருக்கும். பிஸ்டன் உச்சிக்குச் சற்றுக் கீழே ஏறிவரும் நிலையில் நிறுத்தி, பிளக்கின் துளை வழியே மெல்லிய நைலான் கயிற்றை ஒரு மீட்டருக்குக் குறையாமல் உள்ளே செலுத்த வேண்டும். கயிறு பிரி அவிழாததாயும் நார் உதிராததாயும் இருத்தல் வேண்டும். அதன் வெளிமுனையில் பெரிய முடிச்சிட்டு வெளியிலேயே விட்டுவைக்க வேண்டும். பிறகு கிராங்க் தண்டைக் கையால் மெல்லத் திருப்பினால், பிஸ்டன் எழும்பிக் கயிற்றை வால்வுகளின் தலையோடு நெருக்கி நின்றுவிடும். ஸிலிண்டருக்குள் ஒரு தலையணையை வைத்ததற்கொப்பாகும் இது. வள்ளியூர்ப் பெரியவர் கையாண்டது இம்முறையே. அவரது கயிறு பல ஆண்டுகள் உழைத்துக் கறுத்திருந்தது.

காற்று முறையில் பிளக்கின் துளையில் ஒரு குழாயைத் திருகி, கம்ப்ரஸரிலிருந்து சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அளவில் அழுத்தக் காற்றைச் செலுத்துவார்கள். 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள வால்வின் தலையை இக்காற்று 65 கிலோகிராமுக்கு மேற்பட்ட விசையுடன் மேல்நோக்கித் தாங்கும். ஆனால் 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனை அதே காற்று சுமார் 300 கிலோகிராம் விசையுடன் கீழே தள்ளும் என்பதையும் மறத்தலாகாது. பிஸ்டன் சரியாக உச்சியிலோ அடியிலோ நில்லாவிடின் என்ஜின் திடீரெனச் சுழலும். காற்றாடியின் அருகே கையிருந்தால் விரல் போய்விடும். ஆகவே வண்டியைக் கியரில் நிறுத்திக் கைப்பிரேக்கும் இட்டு, சக்கரத்துக்குக் கல்லும் வைத்த பின்னரே காற்றைத் திறக்க வேண்டும். வேலை நடக்கையில் காற்று நின்றுபோனாலும் வால்வு விழும். கயிற்றுக்கு இவ்வச்சமில்லை.

வால்வைத் தாங்கச் செய்தாயிற்று. அடுத்தது தொப்பித் தட்டின்மேல் ஒரு குழல் ஸ்பானரை வைத்துச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுவது. பல்லாண்டு ஒட்டிக்கிடந்த லாக் துண்டுகள் இதனால் இளகும். பின்னர் நெம்புகோற் கருவியால் தட்டை அமிழ்த்தினால் லாக் துண்டுகள் விடுபடும். அவற்றைக் காந்தத்தால் எடுத்து ஒரு கிண்ணத்தில் இட்டு, கருவியைப் படிப்படியாகத் தளர்த்திச் சுருள்வில்லை வெளியே எடுக்கலாம். இருபது முப்பது கிலோகிராம் விசை உள்ளடங்கிய பொருள் அது. நேர்மேலே முகத்தை வைத்துப் பார்ப்பது கூடாது. கண்ணாடி அணிந்துகொள்வது அவசியம்.

சுருள்வில் நீங்கிய இவ்வேளையில் காம்பின்மேலுள்ள எண்ணெய்த் தடுப்பு ரப்பரையும் மாற்றிவிடுவது சிக்கனம். வால்வின் காம்பைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்து, அளவுக்கு மிஞ்சி ஆடுகின்றதா என்பதையும் அறிந்துகொள்ளலாம். புதிய சுருள்வில்களின் நீளம் எட்டும் ஒத்திருக்கின்றனவா என்று வெர்னியரால் அளந்து, மூலைமட்டத்தின் அருகே நிறுத்திச் செங்குத்தாக நிற்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். சில சுருள்வில்களில் ஒரு முனையில் சுற்றுகள் நெருங்கியும் மறுமுனையில் விலகியும் இருக்கும். நெருங்கிய முனை கீழே ஸிலிண்டரின் தலைப்பக்கம் வருமாறு வைப்பது வழக்கம். அசையும் பக்கத்தில் எடை குறைவாயிருக்க வேண்டுமென்பதே காரணம். சில என்ஜின்களில் ஒன்றினுள் ஒன்றாக இரண்டு சுருள்வில்கள் இருக்கும். அவை எதிரெதிர்த் திசையிற் சுற்றப்பட்டிருப்பது, ஒன்றின் சுற்றுக்குள் மற்றொன்று சிக்காதிருத்தற் பொருட்டாம். ஒன்று முறியினும் மற்றது வால்வைத் தாங்கும் என்பது இதனால் வரும் மற்றொரு நன்மை.

புதியதை வைத்து, தட்டை இட்டு, கருவியால் அமிழ்த்தி, லாக் துண்டுகளின் உட்புறத்தில் சிறிது கிரீஸ் தடவிக் காம்பின் பள்ளத்தில் ஒட்டவைக்க வேண்டும். கிரீஸ் அவற்றை நழுவாது பிடித்துக்கொள்ளும். கருவியைத் தளர்த்தியதும் இரண்டு துண்டுகளும் சம உயரத்தில் அமர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, மறுபடியும் ஒருமுறை மெல்லத் தட்டிச் சோதிப்பது முறை. பிறகு கிராங்க் தண்டைச் சிறிது பின்னோக்கித் திருப்பிக் கயிற்றை உருவி, அடுத்த ஸிலிண்டருக்குச் செல்லலாம்.

கடைசி வேலை, ராக்கருக்கும் காம்புக்கும் இடையேயுள்ள இடைவெளியைப் பீலர் கேஜால் சரிப்படுத்துதல். ஒரே வரிசையில் எட்டு வால்வுகளுள்ள பல நாலு ஸிலிண்டர் என்ஜின்களுக்கு ஓர் எளிய கணக்குண்டு. எட்டாம் வால்வு முழுதும் திறந்திருக்கும்போது முதலாவதையும், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதையும், இவ்வாறே இரண்டு எண்களும் கூட்டினால் ஒன்பது வரும்படி சரிப்படுத்திச் செல்லலாம். பட்டறைப் பையன் இக்கணக்கை விரல்விட்டு எண்ணிச் சொன்னது கேட்க இனிதாயிருந்தது. எல்லாம் முடிந்ததும், என்ஜினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி எங்கும் தட்டுப்படவில்லையென்று கண்ட பின்னரே ஓட்ட வேண்டும்.

சில எச்சரிக்கைகள்

மேற்கூறிய முறை புஷ்ராடு உள்ள பழைய என்ஜின்களுக்கே பொருந்தும். இக்காலத்து வண்டிகள் பலவற்றில் காம் தண்டு தலைப்பகுதியின் மேலேயே அமைந்து, ஸிலிண்டருக்கு நான்கு வால்வுகளும் உள்ளன. அவற்றில் சுருள்வில்லைத் தொடவேண்டின் காம் தண்டையும், அதனை ஓட்டும் பெல்ட்டையோ சங்கிலியையோ கழற்ற வேண்டும். திரும்ப மாட்டுகையில் ஒரு பல் பிசகினும் பிஸ்டன் வால்வைத் தாக்கக் கூடும். பழக்கமில்லாதார் அதில் இறங்குவது தகாது.

இன்னொன்று. வலிய சுருள்வில் நல்லதென்று எண்ணி, பந்தய வண்டிக்குரியதை வாங்கிப் பொருத்துவோர் உளர். அதனால் காம் தண்டும் டாப்பெட்டும் விரைவில் தேயும். சுருள்வில்லின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளவும் நேரலாம். தேவைக்கு மிஞ்சிய வலிமையும் ஒரு குறையே.

யந்திர நூலார் இச்சிற்றுறுப்போடு பட்ட பாடு கொஞ்சமன்று. 1885-ம் ஆண்டளவில் டெய்ம்லரும் மேபாக்கும் அமைத்த என்ஜினில் கலவை நுழையும் வால்வுக்குக் காம் தண்டே இல்லை. பிஸ்டனின் உறிஞ்சலாலேயே அது திறந்தது. அதற்கு மெல்லிய சுருள்வில்லே வைக்கக் கூடுமாதலின் வேகமும் குறைவாகவே இருந்தது. பிற்காலத்தில் சுருள்வில்லின் துணையின்றி வால்வை மூடுதற்கும் ஒரு காமையே வைத்து, 1954-ம் ஆண்டில் மெர்ஸிடிஸ் கம்பெனியார் பந்தய வண்டி செய்தனர். இத்தாலியில் டுகாட்டி கம்பெனியார் 1956-ல் மோட்டார் சைக்கிளில் அம்முறையைக் கையாண்டனர். 1986-ல் ரெனோ கம்பெனியார் பந்தய என்ஜினில் எஃகுச் சுருள்வில்லுக்குப் பதிலாக அழுத்திய காற்றையே வில்லாக வைத்தனர். ஆயினும் வீதியில் ஓடும் வண்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றை இன்றும் நடத்தி வருவது அந்தப் பழைய எஃகுச் சுருள்வில்லே யாம்.

முடிவுரை

அன்று மாலை, ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று எதிரே வீச, வண்டி யாதொரு திணறலுமின்றி மேடேறிச் சென்றது. குறித்த நேரம் தவறிவிட்டபடியால் வைத்தியரை மறுநாளே காண முடிந்தது. "ஒரு வாரமாகச் சத்தம் கேட்டது என்றாயே, அன்றைக்கே பார்த்திருக்கலாமே" என்று தாயார் ஒருமுறை மட்டும் சொன்னார். அதற்கும் நான் விடை கூறவில்லை. களைத்த உறுப்பு முறிவதற்கு முன்பே குரல் கொடுக்கின்றது. கேட்கும் செவிதான் வேண்டும்.

புறப்படுகையில் முறிந்த சுருள்வில்லின் இரண்டு துண்டுகளையும் பெரியவர் காகிதத்திற் பொதிந்து என் கையிற் கொடுத்தார். "பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், ஐயா" என்றார். அவை இப்போது எனது ஆய்வுக்கூட மேஜையின்மேல் இருக்கின்றன. முறிந்த முகத்தின் ஓர் ஓரத்தில், களைப்பு மெல்ல மெல்லப் பரவிய வழவழப்பான பிறையொன்று தெரியும். எஞ்சிய பாகம் ஒரே நொடியில் முறிந்தமையால் கரடுமுரடாயிருக்கும். ஹூக்கின் விதியைக் கற்பிக்கும் நாளில் கரும்பலகையில் எழுதுவதற்கு முன் அவ்விரு துண்டுகளையும் மாணவர் கையிற் கொடுக்கிறேன். பின்னர் வைஸில் பழையதையும் புதியதையும் நெருக்கிக் காட்டுகிறேன். விதியை அதன் பின்னரே எழுதுகிறேன்.